பிரேக் தூசு: மேற்பூச்சு கெடாமல் நீக்க அறிகுறிவாரியான வழிமுறை

பிரேக்கை மிதிக்கும் ஒவ்வொரு முறையும் வார்ப்பிரும்பு டிஸ்கும் அதைக் கவ்விப் பிடிக்கும் பேடும் சிறிதளவு தேய்கின்றன. தேய்ந்து உதிரும் பொடியில் இரும்புத் துகள், கிராஃபைட், பேடின் கலவையைக் கட்டிவைத்திருக்கும் பினாலிக் ரெசின் எல்லாம் கலந்திருக்கும். சூடாகத் தெறிக்கும் இரும்புத் துகள் சக்கரத்தின் மேற்பூச்சில் ஒட்டிக்கொண்டு, ஈரம் பட்டதும் துருப்பிடிக்கத் தொடங்குகிறது. ஆகவே, கழுவினால் போகும் அழுக்கு, கரைத்தால் மட்டுமே போகும் அழுக்கு, எதைப் போட்டாலும் போகாத சேதம் ஆகிய மூன்றும் ஒரே சக்கரத்தில் அருகருகே இருக்கக்கூடும். மூன்றாவதை முதலாவதாக எண்ணி, மேலும் மேலும் வீரியமான திரவத்தை ஊற்றுவதால்தான் நல்ல சக்கரங்கள் பாழாகின்றன. எனவே இந்த வழிமுறை கண்ணுக்குத் தெரியும் அறிகுறியிலிருந்து தொடங்குகிறது. எந்தத் திரவம் என்ற கேள்வி அதற்குப் பிறகுதான் வருகிறது.

முதலில் எந்தப் பூச்சு என்று அறிந்துகொள்ளுங்கள்

தொழிற்சாலையிலிருந்து வரும் அலாய் வீல்களில் பெரும்பாலானவை பெயின்ட் அடிக்கப்பட்டு, அதன் மேல் நிறமற்ற கிளியர் கோட் பூசப்பட்டவை. அந்தக் கிளியர் கோட்டின் தடிமன் பொதுவாக 50 மைக்ரான் அளவில்தான் இருக்கும்; அது தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு. பவுடர் கோட்டிங் இதைவிடத் தடிப்பானது, முரட்டுத்தனத்தையும் சற்றுக் கூடுதலாகத் தாங்கும். குரோம் பூச்சு பார்வைக்கு எஃகுபோல் உறுதியாகத் தோன்றினாலும், மேலே இருக்கும் குரோம் படலம் ஒரு மைக்ரானுக்கும் குறைவானது. அதைத் தாங்குவது அடியிலுள்ள நிக்கல். ஆனோடைஸ் செய்யப்பட்ட பாகங்களில் மேலே பூச்சு என்று தனியாக எதுவும் இல்லை, அலுமினியத்தின் மேற்பரப்பே ஆக்சைடாக மாற்றப்பட்டிருக்கிறது. இந்த ஆக்சைடை வீரியமான அமிலமும் அரிக்கும், வீரியமான காரமும் அரிக்கும்.

உங்கள் சக்கரம் வெறும் உலோகமா, கிளியர் கோட் பூசியதா என்ற ஐயம் இருந்தால், ஆரத்தின் (ஸ்போக்கின்) பின்புறத்தில் கண்ணுக்குத் தெரியாத இடமாகப் பார்த்து, மெட்டல் பாலிஷைக் கடுகளவு எடுத்து வெள்ளைத் துணியால் தேயுங்கள். அந்த இடத்தை முன்பே நன்றாகக் கழுவித் துடைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அழுக்கே துணியைக் கறுப்பாக்கி உங்களை ஏமாற்றிவிடும். தேய்த்த துணி கறுத்தால் அது பூச்சில்லாத உலோகம். கறுக்காவிட்டால் மேலே ஏதோ ஒரு பூச்சு இருக்கிறது.

இரண்டாவது ஏற்பாடு, பிஎச் தாள். ஒரு திரவம் அமிலமா காரமா என்பதை இது நிறத்தால் காட்டும்: 7 நடுநிலை, அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். ஆய்வகப் பொருள்கள் விற்கும் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் இந்தத் தாளை வாட்டர் வாஷ் நிலையத்தில் உங்கள் சக்கரத்தின் மேல் அடிக்கப்படும் நுரையில் தொட்டுப் பாருங்கள். 6 முதல் 8 வரை காட்டினால் கவலையில்லை. 3-க்குக் கீழேயோ 11-க்கு மேலேயோ காட்டினால், "ஒரு நிமிஷத்துல பளபளன்னு ஆயிடும்" என்று எவ்வளவு உறுதி கொடுத்தாலும் அந்தத் திரவத்தை மறுத்துவிடுவது நல்லது.

அறிகுறி: விரலால் தொட்டால் கறுப்புப் பொடி ஒட்டுகிறது, அடியில் மேற்பரப்பு வழுவழுப்பாக இருக்கிறது

இது புதிய தூசு. இதற்கு ஷாம்புவும் தண்ணீரும் போதும். சக்கரம் ஆறியிருக்க வேண்டும்; புறங்கையை ஆரத்தின் மேல் வைத்தால் சூடு தெரியக் கூடாது. நிழலில் நிறுத்தி, முதலில் தண்ணீரை மட்டும் தாராளமாக அடித்து, தளர்ந்திருக்கும் பொடியை வெளியேற்றுங்கள். உலர்ந்த துணியால் துடைக்கக் கூடாது, காற்றுக் குழாயால் ஊதவும் கூடாது. உலர்ந்த துணி இரும்புப் பொடியைப் பூச்சின் மேல் இழுத்துக் கீறும். ஊதிய தூசு மூச்சுக்குள் போகும். பழைய வண்டிகளின் பேடிலும் லைனிங்கிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கக்கூடும் என்பதால் அவற்றில் இந்த எச்சரிக்கை இன்னும் கூடுதலாகப் பொருந்தும்.

பிறகு பிஎச் 7-ஐ ஒட்டிய கார் ஷாம்புவைக் கலந்து, மென்மையான தூரிகையால் ஒவ்வொரு சக்கரமாகக் கழுவுங்கள். சக்கரத்துக்கென்று தனி வாளியும் தனித் துணியும் இருக்க வேண்டும், அந்தத் துணி ஒருபோதும் பானட்டின் மேல் போகக் கூடாது. துணி துவைக்கும் சோப்புத்தூளில் சலவைச் சோடா இருப்பதால், அது பூச்சில்லாத அலுமினியத்தை மங்கச் செய்யும். பாத்திரம் தேய்க்கும் பச்சை நார் கிளியர் கோட்டைக் கீறும். இரும்பு நார் கீறுவதோடு நிற்காமல் தன் துணுக்குகளையும் அங்கேயே விட்டுச்செல்கிறது. அடுத்த மழையில் அவை தனியாகத் துருப்பிடிக்கும்.

பிரஷர் வாஷர் பயன்படுத்தினால் நுனியை ஓர் அடிக்கு மேல் விலக்கிப் பிடியுங்கள். பேடை டிஸ்கோடு அழுத்தும் காலிப்பரின் ரப்பர் உறைகள், ஏபிஎஸ் சென்சாரின் கம்பி, ஏற்கெனவே பெயின்ட் உரிந்திருக்கும் விளிம்பு ஆகியவற்றின் மேல் நேராக அடிக்கக் கூடாது.

அறிகுறி: கழுவி உலர்த்திய பின்னும் ஆரஞ்சு அல்லது பழுப்புப் புள்ளிகள் தெரிகின்றன, விரல் நுனிக்கு மணல்போல் நெருடுகிறது

இவை பூச்சில் பதிந்துவிட்ட இரும்புத் துகள்கள். பெரும்பாலும் முன் சக்கரங்களில்தான் இவை அதிகம். பிரேக் பிடிக்கும்போது வண்டியின் எடை முன்னால் சாய்வதால் முன் பிரேக்கே அதிக வேலை செய்கிறது. நம் ஊரின் பல சிறிய கார்களில் பின்னால் டிரம் பிரேக் இருப்பதால் அங்கே உண்டாகும் தூசு பெரும்பாலும் டிரம்முக்குள்ளேயே தங்கிவிடுகிறது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் பிரேக்கை மட்டும் நம்பி இறங்கி வந்த வண்டியின் முன் சக்கரத்தைத் தொட்டுப் பார்த்தால் இந்த நெருடல் நன்றாகப் புரியும். கீழ் கியரில் இறங்குவது பிரேக்கைக் காப்பதோடு சக்கரத்தின் பூச்சையும் காக்கிறது.

இதற்கு உரியது ஐயர்ன் ரிமூவர் என்ற பெயரில் விற்கப்படும் திரவம். இதில் இருப்பது தையோகிளைகோலேட் என்னும் சேர்மம். இரும்போடு சேர்ந்து தண்ணீரில் கரையக்கூடிய ஊதா நிறச் சேர்மமாக அது மாறுகிறது. முடியைச் சுருட்டும் சலூன் மருந்திலும் இதே குடும்பத்துச் சேர்மம்தான் இருக்கிறது, ஆகவே அழுகிய முட்டையை ஒத்த அந்த நாற்றத்தைக் கண்டு, பொருள் கெட்டுவிட்டதோ என்று ஐயப்பட வேண்டாம். இதன் பெரிய நன்மை என்னவென்றால், இது இரும்பைக் கரைப்பதற்கு வீரிய அமிலமாகவோ காரமாகவோ இருக்கத் தேவையில்லை. நல்ல தயாரிப்புகள் நடுநிலையை ஒட்டியே இருக்கும். புட்டியின் மேல் அமிலம் இல்லாதது, பிஎச் நடுநிலையானது என்று எழுதியிருக்கிறதா எனப் பாருங்கள். பிஎச் தாளாலும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

சக்கரத்தைக் கழுவி, தண்ணீர் சொட்டாத அளவுக்கு வடியவிட்டு, திரவத்தை மேலிருந்து கீழாகத் தெளியுங்கள். சிறிது நேரத்தில் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் மெல்லிய ஊதாக் கோடு கிளம்பி, ஆரத்தின் வளைவு வழியாகக் கீழே வழியும். ஆரங்களுக்கு இடையே தெரியும் டிஸ்கும் ஊதாவாக வழியும். அது அழுக்கு அல்ல, டிஸ்கே இரும்பு என்பதால் அப்படி ஆகிறது. டிஸ்க் வெளுக்கும் வரை அடிப்பேன் என்று நினைத்தால் புட்டி முழுவதும் காலியாகிவிடும். புட்டியில் சொல்லியுள்ள நேரத்தை, வழக்கமாக 3 முதல் 5 நிமிடத்தை, மீறாமல் காத்திருந்து, இடையில் மென்மையான தூரிகையால் லேசாகக் கலக்கிவிட்டு, உலர்வதற்கு முன் நிறையத் தண்ணீரால் கழுவுங்கள். அடிப்பிடித்த பாத்திரத்தை ஊறவைப்பதுபோல, இங்கே வேலையைச் செய்வது நேரம்தான். கை அழுத்தம் கூடினால் பூச்சுக்குத்தான் கேடு. நான்கு சக்கரங்களுக்கும் ஒரே மூச்சில் அடித்துவிட்டு முதல் சக்கரத்துக்குத் திரும்புவதற்குள் அது காய்ந்துவிடும், அதுவும் சித்திரை வெயிலில் சொல்லவே வேண்டாம். ஒன்றை முடித்த பிறகு அடுத்ததற்குப் போங்கள். கையுறை அணிவதும் காற்றோட்டமான இடத்தில் நிற்பதும் கட்டாயம். வேறு எந்தச் சுத்திகரிப்புத் திரவத்தையும் இதோடு கலக்கக் கூடாது.

அறிகுறி: ஊதா நிறம் வந்தது, ஆனாலும் சில புள்ளிகள் அப்படியே நிற்கின்றன

உலர்த்திவிட்டு இன்னொரு முறை செய்யுங்கள். இரண்டாவது முறை ஊதா குறைவாக வந்தால் சரியான வழியில் போகிறீர்கள் என்று பொருள். அதற்கும் அசையாதவற்றுக்கு க்ளே பார் என்னும் பிசையக்கூடிய களிமண் துண்டு உண்டு. ஷாம்பு கலந்த தண்ணீரையோ அதற்கென்று விற்கும் வழுக்குத் திரவத்தையோ தாராளமாகத் தெளித்து, களிமண் துண்டை எடையே வைக்காமல் முன்னும் பின்னும் நகர்த்துங்கள். நெருடல் குறைவது விரலுக்குத் தெரியும். களிமண்ணை அடிக்கடி மடித்துப் புதிய முகத்தைப் பயன்படுத்துங்கள், கீழே விழுந்த துண்டை எறிந்துவிடுங்கள். இந்த வரிசையை மாற்ற வேண்டாம். இரும்பைக் கரைப்பதற்கு முன் களிமண்ணைத் தேய்த்தால், களிமண் பிடுங்கும் துகளே பூச்சின் மேல் உளியாகிவிடும். மேட் பூச்சுள்ள சக்கரத்தில் களிமண்ணே வேண்டாம்; தேய்த்த இடம் மட்டும் மினுங்கத் தொடங்கும்.

அறிகுறி: ஊதா நிறம் வரவேயில்லை, கறை மட்டும் இருக்கிறது

அப்படியானால் அது இரும்பு அல்ல. ஒட்டும் கறுப்புப் புள்ளிகள் என்றால் சாலைத் தார். தார் நீக்கியைத் துணியில் நனைத்து, புள்ளியின் மேல் அரை நிமிடம் வைத்து எடுத்தால் கரைந்து வரும். மண்ணெண்ணெயும் கரைக்கும்தான், ஆனால் எண்ணெய்ப் படலத்தை விட்டுச்செல்லும் என்பதால், துணியில் மட்டும் தொட்டு, உடனே ஷாம்புவால் கழுவ வேண்டும், டிஸ்கின் பக்கம் ஒரு துளியும் போகக் கூடாது. ஸ்ப்ரே கேனால் அடித்த பெயின்ட்டிலும், உரித்தெடுக்கக்கூடிய ரப்பர் பூச்சிலும் இவற்றில் எதையும் பயன்படுத்த வேண்டாம். பூச்சே இளகி வந்துவிடும்.

சக்கரத்தின் உட்பக்கத்தில் தேநீர் நிறத்தில் வார்னிஷ்போல் இறுகிய படலம் இருந்தால், அது வெந்துபோன ரெசின். மிதமான பொதுச் சுத்திகரிப்புத் திரவத்தைத் தண்ணீரில் கலந்து இரண்டு மூன்று முறை முயலலாம். அதற்கும் அசையாவிட்டால், வெளியே தெரியாத அந்தப் பக்கத்துக்காகப் பூச்சைப் பணயம் வைக்கத் தேவையில்லை என்பது என் கருத்து.

சக்கரம் முழுவதும் சீரான செம்மண் நிறச் சாயல் படர்ந்து, கண்ணாடியின் ஓரத்திலும் அதே நிறம் தெரிந்தால், பிரேக்கைக் குறை சொல்லாதீர்கள். போர் தண்ணீரில் உள்ள இரும்புதான் காரணம். அது புள்ளியாக நெருடாது, வளையமாகவும் ஓட்டமாகவும் படியும்.

அறிகுறி: உலர்ந்த பின் வெள்ளை வளையங்கள்

போர் தண்ணீரின் சுண்ணாம்பு உப்பு. கிளியர் கோட்டில் மட்டும், சம அளவு தண்ணீர் கலந்த வினிகரில் நனைத்த துணியை ஒரு நிமிடம் வைத்து எடுத்துக் கழுவலாம். ஆனோடைஸ் செய்த பாகத்திலும் வெறும் அலுமினியத்திலும் கூடாது. பித்தளைக் குத்துவிளக்கைத் துலக்கும் பழக்கத்தில் எலுமிச்சையையும் புளியையும் சக்கரத்துக்குக் கொண்டுவருபவர்கள் உண்டு. அவையும் அமிலங்களே, அவற்றின் அளவும் நேரமும் யாருக்கும் பிடிபடாதவை. கழுவியதும் மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி உலர்த்தினால் இந்தச் சிக்கலே வராது.

அறிகுறி: சுத்தம் செய்த பிறகே சுண்ணாம்பு தடவியதுபோல் வெளிறிய திட்டுகள் தோன்றின

இது அழுக்கு அல்ல, அரிப்பு. கழிப்பறைத் திரவத்தில் இருக்கும் ஹைட்ரோகுளோரிக் அமிலமோ, மலிவான வீல் கிளீனரில் இருக்கும் புளோரைடு அமிலமோ, சோடியம் ஹைட்ராக்சைடு போன்ற வீரியக் காரமோ உலோகத்தைத் தொட்டிருக்கிறது. கிளியர் கோட் முழுமையாக இருக்கும் இடத்தில் இவை உடனே தடம் காட்டாமல் இருக்கலாம். பூச்சில் கல் பட்டுக் கீறிய இடம், நட்டு உட்காரும் குழியின் விளிம்பு, ஆனோடைஸ் செய்த சென்டர் கேப் ஆகியவற்றில்தான் முதலில் வெளுக்கும். குரோமில், கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் வழியாக அமிலம் நிக்கலுக்கும் அதன் கீழும் இறங்கி, சில வாரங்கள் கழித்துக் குமிழாகக் கிளம்பும். அதனால் "அன்னைக்கு ஒண்ணும் ஆகலையே" என்பது அத்தாட்சி ஆகாது.

அரிப்பைக் கண்டவுடன் செய்ய வேண்டியது, நிறையத் தண்ணீரால் நீண்ட நேரம் கழுவுவது மட்டுமே. அமிலத்தை முறிக்க வேறொன்றை ஊற்றுவது நிலைமையைச் சிக்கலாக்கும். பூச்சில்லாத அலுமினியமாக இருந்தால் மெட்டல் பாலிஷால் மங்கலைத் தேய்த்து எடுக்கலாம். ஆனோடைஸ் செய்த பாகமாக இருந்தால் பாலிஷ் எஞ்சியிருக்கும் ஆக்சைடையும் எடுத்துவிடும். மறுபடி ஆனோடைஸ் செய்வதோ பாகத்தை மாற்றுவதோதான் வழி.

புளோரைடு அமிலத்தைப் பற்றித் தனியாக ஓர் எச்சரிக்கை தேவை. அது தோலில் பட்டவுடன் எரியாமல் இருக்கலாம். ஆனால் உள்ளே ஊடுருவி உடலின் கால்சியத்தோடு சேர்ந்து, மணிக்கணக்கில் கழித்துக் கடுமையான வலியையும் உயிருக்கே ஆபத்தையும் உண்டாக்கக்கூடியது. லேபிளில் ஹைட்ரோபுளோரிக் அமிலம் அல்லது அமோனியம் பைபுளோரைடு என்று இருந்தால் வீட்டில் வைத்திருக்கவே வேண்டாம். தோலில் பட்டுவிட்டால் உடனே தண்ணீரால் கழுவிக்கொண்டே, வலிக்காகக் காத்திராமல், புட்டியையும் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

அறிகுறி: பளபளக்கும் முகத்தில், பூச்சுக்கு அடியில் வெள்ளை இழைகள் புழுபோல் நெளிகின்றன

லேத்தில் கடைந்து எடுத்த டைமண்ட் கட் சக்கரங்களில் இது வழக்கமான நோய். நடைபாதை ஓரத்தில் உரசிய இடத்திலோ, சமநிலை எடையைத் தட்டிப் பொருத்திய விளிம்பிலோ கிளியர் கோட் உடைந்து, அதன் வழியே ஈரம் நுழைந்து, அலுமினியம் பூச்சுக்கு அடியில் அரிக்கப்படுகிறது. மேலிருந்து எதைத் தேய்த்தாலும் கறைக்கு எட்டாது, ஏனெனில் இடையில் பூச்சு இருக்கிறது. பூச்சை நீக்கி, மீண்டும் கடைந்து, மீண்டும் பூச வேண்டும். ஒவ்வொரு கடைசலும் உலோகத்தைக் குறைப்பதால் இதை எத்தனை முறை வேண்டுமானாலும் செய்ய முடியாது. விளிம்பில் கீறல் விழுந்த அன்றே டச் அப் கிளியர் கோட்டை ஒரு சொட்டு வைத்து மூடுவது இதைத் தள்ளிப்போடும்.

அறிகுறி: சிவப்புக் காலிப்பர் மங்கி, பழுப்பேறிவிட்டது

காலிப்பருக்கும் மேலே சொன்ன ஐயர்ன் ரிமூவரே போதுமானது. டிஸ்கைத் துடைக்கப் பயன்படும் பிரேக் கிளீனர் ஸ்ப்ரே இங்கே வரக் கூடாது. அது கரைப்பான், பெயின்ட்டையும் எழுத்து ஸ்டிக்கரையும் இளக்கிவிடும். துத்தநாகம் பூசிய காலிப்பரிலும் டிஸ்கின் நடுப்பகுதியிலும் அமிலம் பட்டால் துத்தநாகம் கரைந்து, பிறகு துரு விரைவாக ஏறும். பழுப்பு நிறம் வெப்பத்தால் பெயின்ட்டுக்குள்ளேயே ஏறியிருந்தால், கழுவித் திரும்பப் பெற முடியாது. 2017-இல் போர்ஷே நிறுவனம் டங்ஸ்டன் கார்பைடு பூசிய டிஸ்கைக் கயென் காரில் அறிமுகப்படுத்தியபோது, தூசு குறைவு என்பதைக் காட்டுவதற்காகவே காலிப்பருக்கு வெள்ளை அடித்தது. சாதாரண டிஸ்கும் பேடும் வைத்துக்கொண்டு காலிப்பருக்கு வெளிர் நிறம் தேர்ந்தெடுப்பவர்கள் அதை நினைவில் கொள்வது நல்லது.

அறிகுறி: கழுவிய மறுநாள் டிஸ்க் ஆரஞ்சு நிறம், முதல் பிரேக்கில் கரகரவென்று ஓசை

இது இயல்பானது. நனைந்த வார்ப்பிரும்பில் சில மணி நேரத்தில் மெல்லிய துரு படரும். சில முறை பிரேக் பிடித்தால் போய்விடும். கழுவியதும் அப்படியே நிறுத்தாமல், தெருவைச் சுற்றி மெதுவாக ஓட்டி, லேசாகப் பிரேக் பிடித்து உலர்த்துங்கள். மின்சாரக் கார்களில் மோட்டாரே வேகத்தைக் குறைத்துக்கொள்வதால் தூசு குறைவு, ஆனால் பேட் டிஸ்கை அடிக்கடி தேய்க்காததால் துரு நெடுநாள் தங்கும். அவ்வப்போது அழுத்தமாகப் பிரேக் பிடிப்பது உதவும். ஆனால் கழுவிய பிறகு பிரேக் வழுக்கினால் அது இயல்பல்ல. டயர் பாலிஷோ, மெழுகோ, வாட்டர் வாஷில் அடிப்பாகத்துக்கு அடிக்கும் டீசல் ஸ்ப்ரேயோ டிஸ்கில் பட்டிருக்கலாம். அந்த நிலையில் வண்டியை ஓட்டாமல், டிஸ்கைப் பிரேக் கிளீனரால் துடைத்து, பேடையும் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

அறிகுறி: மூன்று சக்கரங்கள் சுமார், ஒன்று மட்டும் ஒரு வாரத்தில் கரியாகிவிடுகிறது

முன் இரண்டுக்கும் பின் இரண்டுக்கும் வேறுபாடு இருப்பது முறை. இடதுக்கும் வலதுக்கும் பெரிய வேறுபாடு இருந்தால் அது சுத்தம் செய்வோரின் வேலையல்ல. காலிப்பரின் ஸ்லைடு பின் இறுகியோ, பிஸ்டன் திரும்பாமலோ, அந்தப் பக்கத்துப் பேட் எப்போதும் டிஸ்கை உரசிக்கொண்டிருக்கலாம். சற்றுத் தொலைவு ஓட்டி நிறுத்தி, சக்கரத்தைத் தொடாமல் அருகில் கையைக் காட்டிப் பாருங்கள். அந்தச் சக்கரத்திலிருந்து மட்டும் அனல் வீசினால், வண்டி ஒரு பக்கமாக இழுத்தால், அல்லது கருகிய வாடை வந்தால், அடுத்த வாட்டர் வாஷுக்கு முன் மெக்கானிக்கிடம் செல்லுங்கள். பின்னைக் கழற்றிச் சுத்தம் செய்து, அதற்குரிய வெப்பம் தாங்கும் கிரீஸ் பூசிப் பொருத்திய பிறகு, இரண்டு பக்கத்துத் தூசும் ஒரே அளவுக்கு வந்துவிடுகிறதா என்று பார்த்துவிட்டு, அதன் பிறகு சக்கரத்துக்கு மெழுகோ செராமிக் பூச்சோ போடுங்கள்.